ஈர நிலத்துக்கு வந்தவர்கள்

மொன்றியலின் நடுவில் இருக்கும் மலையில் இரவில் ஒரு சிலுவை ஒளிரும். ஒரு வெள்ளத்தின் நினைவாக நிற்கும் சிலுவை அது. 1642 மே மாதத்தில் மெசொன்னேவ் என்பவரின் தலைமையில் பிரெஞ்சுக்காரர்களின் சிறு கூட்டம் ஒன்று இந்தத் தீவில் வந்திறங்கியது. சென்ற் லோரன்ஸ் ஆற்றோடு ஒரு சிற்றாறு கலக்கும் முனையில் அவர்கள் கோட்டை கட்டினார்கள். அந்த டிசம்பரிலேயே ஆறு பெருகிக் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டது. வெள்ளம் வடிந்தால் மலைக்குச் சிலுவை சுமந்து போவதாக மெசொன்னேவ் நேர்த்தி வைத்தார். வெள்ளம் வடிந்தது. 1643 ஜனவரி 6ஆம் திகதி அவர் சிலுவையைச் சுமந்தார். இன்று நாம் காணும் இரும்புச் சிலுவை அந்த நிகழ்வின் நினைவாக 1924இல் நிறுத்தப்பட்டது.

இந்தத் தீவில் குடியேறிய முதல் ஐரோப்பியர்களின் முதல் குளிர்காலம், வாசலில் நின்ற தண்ணீரைப் பார்த்தபடிதான் கழிந்தது. பிறகு ஐரிஷ்காரர் வந்தார்கள், இத்தாலியர் வந்தார்கள், வெகு பின்னால் நாம் வந்தோம். பின்னால் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் பள்ளத்தில்தான் இடம் கிடைத்தது. சிலருக்குத் தாழ்ந்த நிலம், சிலருக்கு வீட்டின் தாழ்ந்த தளம். ஏப்ரலில் பனி உருகிப் பின்வளவில் கால் புதையும்போதும், ஓகஸ்ட் மழையில் பேஸ்மென்ட் கம்பளம் நனையும்போதும் அது நம் வீட்டுக்கு மட்டும் வந்த தொல்லைபோலத் தோன்றும். அந்தத் தண்ணீருக்கு இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

*

கோட்டையின் அருகே ஓடிய அந்தச் சிற்றாறு சென்-பியேர் ஆற்றோடு தொடர்புடையது. மேற்கே, லஷீனுக்கும் இன்றைய சென்-ஹென்றி பகுதிக்கும் இடையில், அந்த ஆறு ஒரு பெரிய சதுப்பு ஏரியாகப் பரந்து கிடந்தது. நீர்நாய் ஏரி என்பது அதன் பெயர். 1821இல் தொடங்கி 1825இல் திறக்கப்பட்ட லஷீன் கால்வாய் அந்தப் பள்ளத்தாக்கின் நீரோட்டத்தையே மாற்றியது. கால்வாயை மண்வெட்டியால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் ஐரிஷ் தொழிலாளர்கள். வேலை முடிந்ததும் அவர்கள் கால்வாயின் கீழ்க்கரையில், கிரிஃபின்டவுன் என்ற தாழ்ந்த நிலத்தில், குடியிருந்தார்கள். நகரம் அவர்களுக்கு விட்டுவைத்த இடம் அது.

நகரத்துக்குள் வந்த சிற்றாறு அதற்குள் சாக்கடையாகிவிட்டது. தோல் பதனிடுவோரும் இறைச்சிக் கடைக்காரர்களும் வீட்டுக்காரர்களும் கழிவை அதில்தான் கொட்டினார்கள். 1832இல் கொலரா வந்து பெருந்தொகையானோரைக் கொன்றது. அதே ஆண்டில் ஆற்றைக் கல் வளைவுக்குள் அடைத்து மூடும் வேலை தொடங்கி 1838வரை நடந்தது. வில்லியம் கழிவுக்கால்வாய் என்று அழைக்கப்படும் அந்தச் சுரங்கம், கனடாவின் முதல் பெரிய கழிவுநீர்ச் சுரங்கம். இப்போது அது பொயின்ற்-அ-கலியேர் அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. ஒரு காலத்தில் ஆறு ஓடிய இடத்தில் இன்று நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு நடக்கலாம்.

மூடிய ஆற்றின் மேலேயே நகரம் ஒரு சந்தையைக் கட்டியது. அதன் பெயர் சென்ற்-ஆன் சந்தை. சந்தை நடத்துகிறவர்களுக்கு அது வசதியான இடம்: மீன் கழுவிய தண்ணீரும் இறைச்சிக் கழிவும் நேராகக் கீழே இறங்கிவிடும். 1844இல் அதே கட்டடத்தைக் கனடா மாகாணத்தின் பாராளுமன்றமாக மாற்றினார்கள். 1849 ஏப்ரல் 25ஆம் திகதி கலகக்காரர்கள் அதற்குத் தீ வைத்தார்கள். பாராளுமன்றம் எரிந்தது, அடியில் இருந்த சாக்கடை தப்பியது.

ஆற்றை மூடியதும் தண்ணீர்ப் பிரச்சினை முடிந்துவிட்டது என்று மேட்டில் இருந்தவர்கள் நினைத்திருக்கலாம். பள்ளத்தில் இருந்தவர்கள் அப்படி நினைக்க வாய்ப்பில்லை. 1886 ஏப்ரலில் ஆற்றின் பனிக்கட்டி அடைத்துக்கொண்டு வெள்ளம் ஏறியது. கிரிஃபின்டவுன் வீதிகளில் படகு விட்டார்கள். அந்தக் காலப் புகைப்படங்களில் கடைப் பலகைகளின் கீழே மனிதர்கள் தோணியில் நிற்கிறார்கள். 1897இல் ஹேர்பேர்ட் ஏம்ஸ் என்ற வணிகர் அந்தத் தாழ்ந்த பகுதியை வீடு வீடாகக் கணக்கெடுத்து ஒரு நூல் வெளியிட்டார். மலைக்குக் கீழே உள்ள நகரம் என்று அதற்குப் பெயரிட்டார். மலைமேல் இருப்பவர்களுக்குக் குழாயும் வடிகாலும் இயல்பான விஷயங்களாக இருந்தபோது, கீழே இருந்த வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை குழிக் கழிப்பறையோடு இருந்ததை அவர் எண்ணிக்கையோடு காட்டினார். மேட்டின் தண்ணீர் பள்ளத்துக்கு வருவது இயற்கை. மேட்டின் வடிகால் பள்ளத்துக்குப் போய்ச் சேராமல் இருந்தது மனிதர் எடுத்த முடிவு.

*

ஈரத்திலிருந்து தப்ப விரும்பியவர்கள் வடக்கே போனார்கள். மலைக்கும் பிரேரி ஆற்றுக்கும் இடையில் இருக்கும் சமவெளி உயரமானது. சென்ற் லோரன்ஸ் அங்கே எட்டாது. கிரிஃபின்டவுன் பக்கத்து ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர்களிடையே வளர்ந்த ஷாம்ரொக் லக்ரோஸ் கழகம் தன் மைதானத்தை அந்த வடக்கில்தான் வைத்திருந்தது. அந்த மைதானம் இருந்த இடத்தில் 1933இல் மாநகரசபை ஒரு சந்தையைத் திறந்தது. பெருமந்த காலத்தில் வேலையற்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகக் கட்டப்பட்டவற்றில் அதுவும் ஒன்று. முதலில் வடக்குச் சந்தை என்றார்கள். பின்னர் ஜான்-டலோன் சந்தை ஆனது. பக்கத்து வீதி ஒன்றுக்கு இன்னும் ஷாம்ரொக் என்றுதான் பெயர். சந்தைக்கு முருங்கைக்காய் தேடிப் போகிறவர்களும் அந்தப் பெயர்ப்பலகையைக் கடந்துதான் போகிறார்கள்.

சந்தையைச் சுற்றி இத்தாலியர் குடியேறியிருந்தார்கள். அவர்களுக்கு வீட்டைவிட வீட்டின் பின்னால் இருந்த துண்டு நிலம் முக்கியம். தக்காளியும் அவரையும் திராட்சைக் கொடியும் வைத்தார்கள். அத்திமரத்தைக் குளிர்காலத்தில் வளைத்து மண்ணுக்குள் புதைத்துக் காப்பாற்றினார்கள். மேட்டு நிலத்துக்கு வந்துவிட்டாலும் அந்த மண்ணை அவர்கள் படித்தே பழக வேண்டியிருந்தது. ஏறத்தாழ 13,000 ஆண்டுகளுக்கு முன், பனிப்பாறைகள் பின்வாங்கியபோது, கடல் உள்ளே புகுந்து இந்தப் பள்ளத்தாக்கை மூடியது. சம்ப்லேன் கடல் என்று புவியியலாளர்கள் அதைச் சொல்கிறார்கள். அது வற்றிப் போகும்போது தீவின் பல பகுதிகளில் கனத்த களிமண்ணை விட்டுப் போனது. சில இடங்களில் களிமண்ணுக்கு வெகு அருகிலேயே சுண்ணாம்புப் பாறை. மொன்றியலின் சாம்பல் நிறக் கல்வீடுகள் எல்லாம் அந்தப் பாறையை வெட்டிக் கட்டியவைதான்.

களிமண் தண்ணீரை மெதுவாகத்தான் விடும். ஏப்ரலில் நிலைமை இன்னும் மோசம். மேலே நான்கு விரல் ஆழத்துக்கு மண் இளகியிருக்கும். கீழே இன்னும் உறைந்திருக்கும். உருகிய பனி கீழே இறங்க வழியில்லாமல் புல்லின் வேரிலேயே நிற்கும். மே நடுப்பகுதியில் ஜான்-டலோன் சந்தையில் நாற்றுகள் வரிசையாக வரும்போது, அனுபவப்பட்டவர்கள் உடனே வாங்கி நட மாட்டார்கள். வளவில் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பார்கள். பந்தாக ஒட்டினால் இன்னும் ஒரு வாரம் பொறுப்பார்கள். யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வளர்ந்தவருக்கு இந்தப் பொறுமை புதிது. அங்கே மழை விட்ட சிறிது நேரத்தில் மண்வெட்டி இறங்கும்.

இந்தப் பகுதி வீடுகளில் இன்னொரு தனித்தன்மை உண்டு. இரண்டு, மூன்று அடுக்கு மொன்றியல் வீட்டின் கூரை தட்டையானது. நடுவில் சற்றுப் பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு துளை. மழைநீரும் உருகிய பனியும் அதன் வழியே வீட்டுக்குள்ளே இறங்கும் குழாயில் விழுந்து, கழிப்பறைக் குழாயோடு சேர்ந்து, வீதிச் சாக்கடைக்குப் போகும். குளிரில் உறையாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு தெருவின் கூரைகள் அனைத்தும் மழையை ஒரே நேரத்தில் ஒரே குழாய்க்குள் ஊற்றுகின்றன. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் இந்த முறையே நகரத்தின் பெரும்பகுதியில் இன்னும் இருக்கிறது. பல தலைமுறைகளாக அந்தக் கழிவு சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் விழுந்தது. தீவின் கிழக்கு முனையில் சுத்திகரிப்பு நிலையம் 1984இல்தான் இயங்கத் தொடங்கியது.

குழாய் நிறைந்துவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? வந்த வழியே திரும்பும். பேஸ்மென்டின் தரைத் துளைதான் அந்தக் குழாயின் மிகத் தாழ்ந்த வாய். 1987 ஜூலை 14ஆம் திகதி நண்பகலில் மொன்றியலில் இரண்டரை மணி நேரத்துக்குள் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. டெகாரி விரைவுச்சாலை கால்வாயானது, கார்கள் மூழ்கின. ஆயிரக்கணக்கான பேஸ்மென்ட்களுக்குள் சாக்கடைத் தண்ணீர் ஏறியது. அந்த வீடுகளில் பெரும்பாலானவை எந்த ஆற்றுக்கும் அருகில் இல்லை. கிரிஃபின்டவுனில் வாசல் வழியே வந்த வெள்ளம், மேட்டு நிலத்தில் தரைக்குக் கீழிருந்து வந்தது.

1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர்கள் பார்க்-எக்ஸ்ரென்ஷனிலும் கோட்-டெ-நேஜிலும் குடியேறத் தொடங்கிய ஆண்டுகள் அவை. நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்கள் மீட்கப்பட்டது 1986 ஓகஸ்டில். வாடகை குறைந்த இடம் எது என்று புதிதாக வந்தவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை: பாதி நிலத்துக்குள் இருக்கும் தளம். அதில் சன்னல் புல்லின் மட்டத்தில் இருக்கும். பிறகு பலர் லவாலிலும் பியேர்ஃபோனிலும் டொலார்-டெ-ஓர்மோவிலும் வளவோடு வீடு வாங்கினார்கள். பேஸ்மென்டை விட்டு மேலே வந்தாயிற்று என்ற நிம்மதி கிடைத்தது. 2017 மே மாதத்திலும் 2019 வசந்தத்திலும் பிரேரி ஆறு பெருகி பியேர்ஃபோனின் கரையோர வீதிகளுக்குள் வந்தது.

*

வளவில் தண்ணீர் நின்றால் இங்கே எல்லோரும் சொல்லும் மருந்து ஒன்று உண்டு: பிரெஞ்சு வடிகால். வீட்டின் அத்திவாரத்தைச் சுற்றி ஓர் அகழி வெட்டி, துளையிட்ட குழாயைப் போட்டு, சுற்றிலும் உடைகல் நிரப்பி, மண் புகாதபடி துணி சுற்றி மூடுவது. கியூபெக்கில் இதைக் கேட்கும் எவரும் பிரான்சிலிருந்து வந்தது என்றே எண்ணுவார்கள். பிரான்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிளாக் ஃபிரெஞ்ச் என்ற சட்டத்தரணி 1859இல் வயல் வடிகால் பற்றி ஒரு நூல் எழுதினார். அவருடைய குடும்பப் பெயரே வடிகாலின் பெயரானது. வோஷிங்டனில் இருக்கும் பிரம்மாண்டமான லிங்கன் சிலையைச் செய்த சிற்பி இவருடைய மகன்தான்.

ஃபிரெஞ்ச் எழுதியதற்கு முன்பே செய்து காட்டியவர் ஒரு குடியேறி. ஜோன் ஜோன்ஸ்டன் என்ற ஸ்கொட்லாந்து விவசாயி நியூயோர்க் மாநிலத்தின் ஜெனீவா என்ற ஊரில் நிலம் வாங்கினார். கனத்த களிமண் நிலம். 1835இல் ஊரிலிருந்து சுட்ட களிமண் ஓட்டுக்குழாயின் மாதிரியைத் தருவித்து, அதைப்போலக் குழாய்கள் செய்வித்து வயலுக்கடியில் புதைத்தார். சட்டிபானையைப் புதைக்கிறான் என்று அயலார் சிரித்தார்கள். அவருடைய கோதுமை விளைச்சல் ஏறியதும் சிரிப்பு நின்றது. ஊரில் கற்றதை வேற்று மண்ணில் செய்து பார்க்கும் இந்தத் துணிவு நம் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கும் தெரிந்ததுதான்.

வடிகால் போட்டுவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கியூபெக்கின் பல இடங்களில் நிலத்தடி நீரில் இரும்பு அதிகம். அதை உண்ணும் பக்றீரியாக்கள் செம்மஞ்சள் நிறத்தில் கொழகொழப்பான படிவை உண்டாக்கிக் குழாயின் துளைகளை அடைத்துவிடும். குழாயைத் திறந்து பார்க்க வழி வைக்காமல் புதைத்தவர் மீண்டும் முழு வளவையும் தோண்ட நேரும். இரண்டாவது, இந்தக் களிமண் ஈரம் இழந்தால் சுருங்கும். வறண்ட கோடையில், பெரிய மரம் அருகில் இருந்தால், அத்திவாரம் இறங்கிச் சுவர் வெடிக்கும். எனவே நிலத்தை ஒரேயடியாக உலர்த்துவதும் ஆபத்து. மூன்றாவது, குழாய் திரட்டும் தண்ணீர் எங்கோ போய்ச் சேர வேண்டும். சாக்கடையில் விட்டால், அடுத்த பெருமழையில் அது பள்ளத்தில் இருக்கும் யாரோ ஒருவரின் தரைத் துளையால் மேலே வரும்.

இந்த மூன்றாவது விஷயம் சட்டத்திலும் இருக்கிறது. கியூபெக் குடியியல் சட்டக்கோவையின் 979ஆம் பிரிவு, மேட்டு நிலத்திலிருந்து இயல்பாக வரும் தண்ணீரைத் தாழ்ந்த நிலம் ஏற்க வேண்டும் என்கிறது. அதே மூச்சில், தாழ்ந்த நிலத்தின் நிலைமையை மேட்டுக்காரர் மோசமாக்கக் கூடாது என்றும் சொல்கிறது. 983ஆம் பிரிவின்படி கூரையின் மழையும் பனியும் கூரைக்காரரின் நிலத்திலேயே விழ வேண்டும். 1866ஆம் ஆண்டின் பழைய சட்டக்கோவையும் இதையே சொன்னது. நம் ஊரில் கூரைத் தாழ்வாரம் வேலியைத் தாண்டி நீண்டு, பீலித் தண்ணீர் அடுத்த வளவுக்குள் விழுந்தால் எத்தனை சண்டை வரும் என்று தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவுகளை விளக்க வேண்டியதில்லை.

*

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு தெல்லிப்பழைப் பக்கமிருந்து இறங்கி அராலியில் கடலைச் சேர்கிறது. அடியில் சுண்ணாம்புப் பாறை. அதன் இடுக்குகளில் உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீர். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை அந்த நன்னீரை நிரப்பினால்தான் சித்திரையில் கிணற்றில் தண்ணீர். அதனால் வளவில் நின்ற வெள்ளத்தை அங்கே யாரும் எதிரியாகப் பார்க்கவில்லை. வீட்டு முற்றத்தை உயர்த்தி, தண்ணீரை வாழையடிக்கும் தென்னம்பாத்திக்கும் திருப்பினார்கள். மிஞ்சியது ஒழுங்கை வழியே மதகு கடந்து ஊர்க்குளத்துக்குப் போனது. நூற்றுக்கணக்கான குளங்களும் கேணிகளும் இந்த ஏற்பாட்டின் பாகங்கள். குளங்கள் தூர்ந்து, வாய்க்கால்களின் மேல் மதிலும் கடையும் எழுந்த பின்பு என்ன ஆகும் என்பதை 2008 நவம்பரில் நிஷா புயல் கொண்டுவந்த மழை காட்டியது. குடாநாட்டின் வீதிகள் நாட்கணக்கில் தண்ணீரில் கிடந்தன.

இரண்டு ஊர்களும் எதிரெதிர் முனையிலிருந்து தொடங்கியவை. யாழ்ப்பாணம் தண்ணீரை நிறுத்திவைக்கப் படித்து, பிறகு அதை மறந்தது. மொன்றியல் தண்ணீரை மூடித் துரத்தப் படித்து, இப்போது நிறுத்திவைக்கக் கற்கிறது. 2024 ஓகஸ்ட் 9ஆம் திகதி டெபி சூறாவளியின் எச்சம் ஒரே நாளில் மொன்றியலில் 150 மில்லிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டியது. காப்புறுதி நிறுவனங்களுக்கு ஏற்பட்ட செலவு 250 கோடி டொலரை நெருங்கியது. கியூபெக் வரலாற்றில், 1998 பனிப்புயலையும் மிஞ்சிய தொகை. எந்தக் குழாயையும் அந்த மழைக்கேற்றபடி பெருப்பிக்க முடியாது என்பதை நகரம் ஒப்புக்கொண்டிருக்கிறது. மோன்-ரோயால் அவெனியூவில் பெற்றோல் நிலையம் இருந்த இடத்தை மழைநீரைத் தேக்கி மெதுவாக விடும் சதுக்கமாக மாற்றியிருக்கிறார்கள். வீதி மூலைகளில் நடைபாதையை அகட்டி, பள்ளமாக்கி, செடி வைக்கிறார்கள். பின்வீதி ஒழுங்கைகளின் தாரைப் பெயர்த்துவிட்டுப் பச்சை ஒழுங்கைகள் ஆக்குகிறார்கள். இந்தப் பொறியியலின் அடிப்படை ஊர்க்குளத்தின் அடிப்படைதான்.

தனி வளவுக்கும் இதே கணக்கு. 100 சதுர மீட்டர் கூரையில் 150 மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது 15,000 லீற்றர். அந்தத் தண்ணீரைச் சுவரிலிருந்து விலக்குவது முதல் வேலை: சுவரோரம் மண்ணை உயர்த்தி, மீட்டருக்கு இரண்டு சென்ரிமீட்டராவது சரிவு கொடுத்து, பீலிக் குழாயின் வாயை இரண்டு மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். அடுத்தது சாக்கடை திரும்பி வராமல் அடைக்கும் கதவு. மாநகரசபை விதி அதைக் கேட்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை திறந்து துடைக்காவிட்டால் அது இருந்தும் பயனில்லை. நீரிறைக்கும் பம்புக்கு மின்கலம் வேண்டும், ஏனெனில் பெருமழையும் மின்வெட்டும் சேர்ந்தே வரும். அதன் பிறகு தண்ணீருக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். வளவின் தாழ்ந்த மூலையில், வீட்டுக்கும் வேலிக்கும் தள்ளி, ஆழமில்லாத ஒரு பள்ளம். அதில் ஈரம் தாங்கும் செடிகள். ஓரிரு நாளில் அது வடிந்துவிடும்.

இரண்டாம் தலைமுறை வீடு வாங்கும்போது பெரியவர்கள் பலர் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: வளவு முழுக்கச் சீமெந்து போட்டுவிடு, சேறும் இல்லை, புல் வெட்டும் வேலையும் இல்லை. சேற்றில் நடந்து களைத்த தலைமுறையின் ஆசை அது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சீமெந்தில் விழும் மழை நேராக வீதிக் குழாய்க்குத்தான் போகும். அந்தக் குழாயின் கடைசியில் இன்றும் ஒரு பேஸ்மென்ட் இருக்கிறது. புல்லின் மட்டத்தில் சன்னல் இருக்கும் அந்தத் தளத்தில், போன மாதம் இந்த நாட்டுக்கு வந்த ஒரு குடும்பம் இருக்கக்கூடும். அவர்கள் எந்த நாட்டிலிருந்து வந்தவர்களாக இருந்தாலும், நாற்பது ஆண்டுகளுக்கு முன் நாம் இருந்த இடத்தில்தான் இருக்கிறார்கள்.